மொட்டைக் கடுதாசிகளைப் படித்தவர்

இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "யாரு பேருல?" என்பதுதான். என் பெயரில்தான் என்றேன்.

"அப்பச் சரி. உன் பேரு இருந்தாப் போதும், என் பேரு வேணாம். ஆனா எழுதுனா எல்லாத்தையும் எழுதணும்லா. எனக்கு நல்லதா இருக்கிறத மட்டும் பொறுக்கி எடுக்காதே."

ஆகவே பெயரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

சிட்னியில், மெரிலேண்ட்ஸில் ஒரு செங்கல் வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறைகளும் ஒரு குசினியும் வாடகைக்கு இருந்தன. ஒன்றில் நான் இருந்தேன். முதியோர் இல்லத்தில் வேலை. கல்யாணம் முடித்து ஆறு மாதத்தில் கணவரைத் திருச்சியில் விட்டுவிட்டு வந்தவள். அவரைக் கூப்பிடுவதற்கான விசாக் கட்டணத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். மற்ற அறைக்கு அவர் இரண்டு சூட்கேஸ்களோடும் ஒரு பழைய பிரிண்டரோடும் வந்து சேர்ந்தார். சொந்த ஊர் மலேசியாவில் ஈப்போ. அங்கே ஒரு வங்கியில் பதினெட்டு வருஷம் வேலை செய்துவிட்டு, நாற்பத்து நாலாவது வயதில் அதை உதறிவிட்டுச் சிட்னிக்குப் படிக்க வந்திருந்தார்.

"என்ன படிக்கிறீங்கள் அக்கா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"முந்நூறு வருஷத்துக்கு முன்னால இங்கிலாந்து கவர்மெண்டு கடன் மேல கடன் வாங்குச்சு. அதத் திட்டியும் புகழ்ந்தும் ஆளாளுக்குச் சின்னச் சின்ன புஸ்தகமா அச்சடிச்சு வித்தாங்க. அதப் படிக்கிறேன்."

"அதுக்குப் பிஎச்டி குடுப்பினமோ?"

"குடுப்பாங்கன்னு நம்பித்தான் வேலைய விட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார்.

அந்தச் சிறு புத்தகங்களுக்குத் தமிழில் என்ன பெயர் சொல்லலாம் என்று ஒரு நாள் கேட்டார். துண்டுப்பிரசுரம் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அந்தச் சொல் உறுத்தியது. போர் நடந்த எங்கள் ஊரில் துண்டுப்பிரசுரம் என்றால் விமானத்திலிருந்து விழுவது. அல்லது விடியும்போது மதிலில் ஒட்டியிருப்பது. படித்தவுடன் வீட்டைவிட்டு ஓட வேண்டியிருக்கும். எழுதியவர் யார் என்று ஒருநாளும் தெரியாது. இதைச் சொன்னபோது அவர் கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

"என்னோடதும் அதே மாதிரிதான். முக்கால்வாசியில பேரு இருக்காது. 'ஒரு வியாபாரி', 'ஒரு கனவான்', 'நாட்டு நலம் விரும்பி'. மொட்டைக் கடுதாசி. எழுதுனது யாருன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை."

அந்த வேலை அவர் உடம்பிலேயே ஊறியிருந்தது. வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். அப்படியிருந்தும் பிரிட்ஜில் 'பால் முடிந்துவிட்டது' என்று ஒட்டினால் கீழே திகதியும் முழுப் பெயரும் எழுதுவார். நான் எதையாவது 'சொல்லுகினம்' என்று தொடங்கினால் போதும், பிடித்துக்கொள்வார்.

"அந்தக் கடையில மீன் பழசாம் அக்கா. சொல்லுகினம்."

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்லுகினம்."

"இந்தக் 'கினம்' யாரும்மா? அவருக்கு வீட்டு விலாசம் இருக்கா?"

யோசித்துப் பார்த்தால் வேலையிடத்தில் யாரோ ஒருத்தி சொல்லியிருப்பாள். அவளுக்கு அவள் மச்சாள் சொல்லியிருப்பாள். எனக்குச் சில நேரம் எரிச்சல் வரும். சும்மா கதைக்கவும் விடமாட்டாரா என்று நினைப்பேன்.

பக்கத்து வீட்டில் ஒரு நாய் பகல் முழுக்கக் குரைத்துக்கொண்டிருந்தது. பின்னேர வேலைக்குப் போகும் எனக்குக் காலையில் நித்திரை இல்லை. ஒரு தாளில் இரண்டு வரி எழுதி அந்த வீட்டுத் தபால் பெட்டிக்குள் போட இருந்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "பேரு எங்க?" என்றார். பெயர் போட்டால் சண்டைக்கு வருவார்கள் என்றேன்.

"பேரு போட்டாச் சண்டைக்கு வருவாரு. போடலைன்னா அந்த மனுஷன் இந்தத் தெருவுல இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்படணும். அது பெரிய தண்டனைலா."

என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். வந்தவர் லெபனானைச் சேர்ந்த ஒரு முதியவர். மனைவி செத்து இரண்டு மாதம். அது அவள் வளர்த்த நாய். அவள் உட்காரும் கதிரையைப் பார்த்துப் பார்த்துக் குரைக்கிறது என்றார். அதற்குப் பிறகு அந்த முதியவர் நாயைக் காலையில் பார்க்குக்குக் கூட்டிப் போனார். எங்கள் வாசலில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் இருக்கும். அந்தப் பையில் மட்டும் பெயர் இருப்பதில்லை. அதற்கு அக்கா ஒன்றும் சொன்னதில்லை.

இங்கிலாந்தின் கடன் கதையை நான் அவரிடம் கேட்டது குசினியில்தான். அவர் மீ கோரெங் நூடுல்ஸ் கிளறிக்கொண்டு சொல்வார். சண்டைக்குக் காசு வேண்டும். அரசர் தனியாகக் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள், திரும்பி வராது. பாராளுமன்றம் பொறுப்பேற்றுக் கேட்டால் கொடுத்தார்கள். அசல் திரும்புவதில்லை. வருஷா வருஷம் வட்டி வரும். கையில் காசு வேண்டுமென்றால் அந்தத் தாளை வேறு ஆளுக்கு விற்றுவிடலாம்.

"அப்ப அந்தக் கடனை எப்ப அடைக்கிறது?"

"அததான் எல்லாரும் கேட்டாங்க. கேட்டுக் கேட்டுத்தான் இவ்ளோ பேப்பர். அடைக்கிறதுக்குன்னு தனியா ஒரு உண்டியல் வச்சாங்க. சிங்கிங் ஃபண்டுன்னு பேரு."

"பாட்டுப் பாடியோ கடனை அடைச்சவை?"

அவர் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாட்டு இல்லை, மூழ்கடிப்பது. கடனை மூழ்கடிக்கும் நிதி என்று விளக்கினார். "ஆனா நீ சொன்னதும் சரிதான். பாடிக்கிட்டேதான் இருந்தாங்க. அடுத்த சண்டை வந்ததும் அந்த உண்டியலயும் ஒடச்சாங்க."

நிலம் வைத்திருந்தவர்களுக்குக் கோபம். அவர்கள் கட்டும் வரியில்தான் பட்டணத்தில் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி போகிறது. நாடு நாளைக்கே மூழ்கப் போகிறது என்று எழுதினார்கள். இன்னொரு கூட்டம், கடன் கொடுத்தவன் அரசாங்கம் விழ வேண்டும் என்று நினைக்க மாட்டான், அதனால் கடன்தான் நாட்டைக் கட்டிவைத்திருக்கிறது என்று எழுதியது.

"நாடு முங்கல. ஆனா ஒவ்வொரு தடவையும் எவனோ பேரு போடாம எழுதுனதப் படிச்சிட்டுப் பயந்து, கெடச்ச வெலைக்குத் தாள வித்தவங்க இருக்காங்கள்ல. விதவைங்க, கல்யாணம் ஆகாத பொம்பளைங்க, சமையக்காரங்க. அவங்க முங்கிட்டாங்க. அவங்களப் பத்தி எவனும் எழுதல."

எனக்கு ஓய்வான ஒரு நாள் நூலகத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். அரிய நூல்களைப் பார்க்கும் அறை. பேனா கூடாது, பென்சில் மட்டும். புத்தகத்துக்கு ஒரு பஞ்சு மெத்தை. பக்கம் புரளாமலிருக்க அதன்மேல் பாம்பு போல நீளமான ஒரு துணிப்பை. அவ்வளவு மரியாதையோடு கொண்டுவந்து வைத்தது எங்கள் பஞ்சாங்கத்தைவிட மெல்லிய ஒரு புத்தகம். எழுதியவர் தன்னை ஒரு விதவை என்று சொல்லிக்கொள்கிறார், பெயர் இல்லை. கடன் தாளில் தன் காசைப் போட்டுவைத்திருப்பவர். பயப்படாதீர்கள், விற்காதீர்கள் என்று தன்னைப் போன்ற பெண்களுக்குச் சொல்கிறார். ஓரத்தில் பழுப்பு மையில் யாரோ கூட்டல் கழித்தல் போட்டிருந்தார்கள்.

"பாரு, படிச்சவ உக்காந்து தன் வட்டியக் கணக்குப் பாத்திருக்கா" என்று காதருகே சொன்னார். உடனே தலையைக் குலுக்கினார். "படிச்சவன்னு நானே சொல்லிட்டேன். ஆணோ பெண்ணோ தெரியாது. எழுதுனதும் அப்படித்தான். விதவை மாதிரி வேஷம் போட்ட ஆம்பளையாக்கூட இருக்கலாம். எனக்குப் பொம்பளையா இருக்கணும்னு ஆச. ஆச ஆதாரம் ஆகாது."

அந்தக் காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு சேமிப்புத்தான் இருந்தது: அன்ரியின் சீட்டு. மூன்று தெரு தள்ளி, வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் அன்ரி ஒருவர் அதை நடத்தினார். இருபது பேர், மாதம் ஐந்நூறு டொலர். ஒவ்வொரு மாதமும் சேரும் பத்தாயிரமும் முறைப்படி ஒருவருக்குப் போகும். "எங்க ஊருல இதுக்குக் கூட்டுன்னு பேரு" என்று அக்காவும் சேர்ந்துகொண்டார். பதினான்கு பேர் தங்கள் முறையை எடுத்துவிட்டார்கள். அடுத்த முறை எனக்கு. அந்தக் காசு கணவரின் விசாவுக்கு.

அப்போது ஒரு சனிக்கிழமை என் ஃபோனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. யாரென்று தெரியாத ஒரு பெண். 'சீட்டு அன்ரி ஊரை விட்டே போயிட்டாவாம். வீடு பூட்டிக் கிடக்கு. காசு கட்டின ஆக்கள் கவனம்.' அவ்வளவுதான். அன்ரிக்கு எடுத்தேன், ஃபோன் நிறுத்தியிருந்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்த சீட்டுக்காரர் ஏழு பேருக்கு அதை அப்படியே அனுப்பினேன்.

அக்கா அன்று விடியவே நூலகத்துக்கு என்று போயிருந்தார். வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பினார். நான் பதிவைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். யார் சொன்னது என்று அவர் கேட்காத ஒரே நாள் அதுதான். நான் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அன்ரியின் வாசலில் பத்துப் பேர் நின்றோம். திங்கள் பின்னேரமும் அங்கே நின்றபோது ஒரு டாக்சியில் அன்ரி வந்து இறங்கினார். வீட்டுச் செருப்பு, கசங்கிய சட்டை, கையில் ஆஸ்பத்திரிப் பை. வெள்ளிக்கிழமை அவர் கணவருக்கு, அங்கிளுக்கு, நெஞ்சு வலி வந்து ஆம்புலன்சில் ஏற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து வேறு ஆஸ்பத்திரி, அறுவைச் சிகிச்சை. ஃபோன் சார்ஜரை எடுக்கக்கூட நேரமில்லை. அவர் இதைச் சொல்லி முடிக்க முன்னமே எல்லாரும் கத்தத் தொடங்கிவிட்டார்கள். எல்லாரையும்விடக் கூடக் கத்தியது நான்தான்.

"என்ர மனுசன்ர விசாக் காசு அன்ரி! இப்பவே தாங்கோ!"

"இப்ப என்னட்ட எங்கயடி பிள்ளை காசு?" என்றார் அன்ரி. வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் அருகில் குந்தினார். "அங்கிள் இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். அத்தனை பேரில் அதைக் கேட்டது அவர் ஒருவர்தான். அன்ரி அப்போதுதான் அழுதார்.

சீட்டில் ஒருநாளும் காசு இருப்பதில்லை. இந்த மாதம் சேர்ந்தது அன்றைக்கே ஒருவர் கைக்குப் போய்விடும். எடுத்தவர்கள் தொடர்ந்து கட்டினால்தான் எடுக்காதவர்களுக்குக் கிடைக்கும். பத்தாயிரத்தை எடுத்துச் செலவழித்துவிட்ட பதினான்கு பேரில் யாராவது இனிக் கட்டாமல் விட நினைத்தால், அதற்கு நல்ல சாட்டு கிடைத்துவிட்டது. அன்ரி ஓடிவிட்டார் என்று ஊரே சொல்கிறதே, நான் ஏன் கட்ட வேண்டும்?

அன்றிரவு, இல்லை, அடுத்த நாள் காலையில் அக்காவின் பழைய பிரிண்டர் ஓடியது. ஒரே ஒரு தாள். கீழே கையெழுத்திடும் நாங்கள் எங்கள் மாதக் காசை முன்போலவே கட்டுவோம் என்று தமிழில் இரண்டு வரி. அக்கா படிக்கும் அந்தக் கால இங்கிலாந்தில் ஒருமுறை, வடக்கிலிருந்து கலகப் படை லண்டனை நோக்கி வருகிறது என்று பயந்து சனம் வங்கி வாசலில் போய் நின்றபோது, வியாபாரிகள் ஒன்றாகச் சேர்ந்து, வங்கியின் தாளை நாங்கள் காசாக ஏற்றுக்கொள்வோம் என்று கையெழுத்துப் போட்டார்களாம். பயம் அடங்கிவிட்டதாம்.

"இது நடக்குமா அக்கா? எங்கட ஆக்கள் கையெழுத்தெண்டால் ஓடுவினம்."

"யாரு ஓடுறாங்கன்னு பாப்போம். மொதல்ல நீ போடு."

முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது அவருடையது.

நான்கு நாள், பஸ்ஸிலும் ரயிலிலும் நடையிலும் வீடு வீடாக ஏறினோம். சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர் தேநீர் தந்து, கையெழுத்தும் போட்டு, அன்ரிக்குச் சோறும் கட்டிக் கொடுத்தார்கள். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒருவர் வீட்டுக்குப் போனோம். சீட்டெடுத்துக் கார் வாங்கியவர். தாளைத் தொடாமலே படித்தார்.

"அவ ஓடிட்டா எண்டு சனம் கதைக்குதே."

"ஓடல, வீட்டுலதான் இருக்காங்க. யாரு சொன்னது உங்களுக்கு?" என்றார் அக்கா.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னட்ட ஏன் கேக்கிறியள்? அந்த வொய்ஸை எனக்கு அனுப்பினதே உங்களுக்குப் பக்கத்தில நிக்கிற பிள்ளைதானே."

ஃபோனை எடுத்துக் காட்டினார். என் பெயர், சனிக்கிழமை, நேரம் எல்லாம் அதில் இருந்தன. காது சுட்டது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

"சரி. சனிக்கிழமை அவங்க அத அனுப்புனாங்க. இன்னிக்கு என்கூட வந்திருக்காங்க. தாளப் பாருங்க, மொதல் கையெழுத்து அவங்களதுதான். எடுக்காத ஆளே கட்டுறேன்னு எழுதிக் குடுக்கிறாங்க. எடுத்த நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் மனைவி குசினிக்குள்ளிருந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்துத் தன் பெயரைப் போட்டார். பிறகு அவரும் போட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் அக்கா ஜன்னல் பக்கமாக இருந்தார். கிரான்வில் ஸ்டேஷன் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"உனக்கு அத யாரு அனுப்புனா?"

"ஒரு குறூப்பில வந்தது அக்கா. ஆரெண்டு தெரியாது. வந்தது, அனுப்பிப்போட்டன்."

"தேடிப் பாக்கட்டுமா?" என்று என்னைக் கேட்கிறாரா, தன்னையே கேட்கிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார். பிறகு, "வேணாம்" என்றார். எழுதியவரைத் தேடுவதே வேலையாக இருந்தவர் அப்படிச் சொன்னது என்னைக் காப்பாற்றத்தான் என்று நினைத்தேன். மெரிலேண்ட்ஸில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இருபதில் பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் கட்டாமலே போய்விட்டார்கள். மாதா மாதம் குறைந்த ஆயிரத்தில் பெரும்பங்கை அன்ரி பிளவுஸ் தைத்தே ஈடுகட்டினார். அங்கிள் தேறி வீட்டுக்கு வந்தார். எனக்கு இரண்டு மாதம் பிந்தி முழுக் காசும் கிடைத்தது. அக்கா தன் முறையைக் கடைசிக்குத் தள்ளச் சொல்லிவிட்டார். மாதா மாதம் மிஞ்சிய குறையெல்லாம் சேர்ந்து, கடைசி ஆளான அவருக்கு அன்ரியால் எட்டாயிரம்தான் சேர்க்க முடிந்தது. உதவித்தொகை நின்றுபோய், ஒரு வேளைச் சாப்பாட்டை அவர் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. மிச்சத்தை அவர் கேட்கவே இல்லை.

அதே வருஷம்தான் ஆய்வேடும் முடிந்தது. அந்த விதவை யார் என்று சொல்ல அவரிடம் ஒரு பெயர் இருந்தது. இங்கிலாந்திலிருந்த இன்னொரு பிரதியின் முகப்பில், யாரோ பழைய மையில் ஒரு பெண்ணின் பெயரை எழுதியிருந்தார்கள். அந்தப் பெயரில் ஒருத்தி கடன் தாள் வைத்திருந்ததற்குப் பதிவும் கிடைத்தது. மேற்பார்வைப் பேராசிரியர் குதூகலித்துவிட்டார். துணிந்து எழுது, ஒரு பெண்ணை வரலாற்றுக்குள் கொண்டுவருகிறாய், இதை வைத்தே உனக்கு வேலை கிடைக்கும் என்றார். அக்கா மூன்று வாரம் அந்த அத்தியாயத்தோடு இருந்தார். காலையில் எழுதுவார், மாலையில் அழிப்பார்.

"முகப்புல எழுதுனவங்களுக்கு யாரு சொன்னது? அதுவும் யாரோ சொல்லக் கேட்டதா இருந்தா?"

"அக்கா, நீங்கள்தானே அது பொம்பிளையா இருக்கோணும் எண்டு ஆசைப்பட்டனீங்கள்."

"அதனாலதான் என்ன நானே நம்பல."

கடைசியில் அந்த இடத்தில் எழுதியவர் தெரியவில்லை என்றே போட்டார். அந்தப் பெயரைப் பின்குறிப்பில், உறுதியில்லை என்ற சொல்லோடு வைத்தார். பட்டம் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. ஈப்போவுக்குத் திரும்பிப் போனார். இப்போது ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் சொல்லிக் கொடுக்கிறார். விமான நிலையத்தில் நான்தான் அழுதேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, "போயி வேலைக்குக் கெளம்பு, லேட்டாகுது" என்றார்.

என் கணவர் வந்து சேர இன்னும் ஒரு வருஷம் எடுத்தது. வந்து இரண்டாவது மாதம், அன்ரியிடம் தனியே போனேன். அன்ரி தையல் மெஷினில் இருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அன்ரி, நீங்கள் ஓடிட்டீங்கள் எண்டு வந்த அந்த வொய்ஸை ஏழு பேருக்கு அனுப்பினது நான். இத்தனை நாளும் உங்களிட்டச் சொல்லேல்லை."

அன்ரி மெஷினை நிற்பாட்டினார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்டைக்கு நான் மூண்டு நாள் சாப்பிடாமல் வந்து இறங்கினனான். நீ போட்ட சத்தம் இன்னும் காதுக்க கிடக்கு" என்றார். "கோவம் இல்லையெண்டு சொன்னால் அது பொய். எண்டாலும் வந்து சொன்னியே. இப்பிடி வந்து சொன்னதில நீ ரெண்டாவது ஆள்."

"முதல் ஆர் அன்ரி?"

"அது உனக்கேன்?" என்று சொல்லிவிட்டு மெஷினை ஓட்டத் தொடங்கினார். போகும்போது, மத்தியானம் வைத்த கறியில் கொஞ்சம் போட்டுத் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஈப்போவுக்கு எடுத்தேன். நான் செய்ததைக் கேட்டு அவர் சந்தோஷப்படுவார் என்ற பெருமை எனக்கு. நடந்ததைச் சொன்னேன். ரெண்டாவது ஆள் என்று அன்ரி சொன்னதையும் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேன்லா" என்றார். "மொதல் ஆளு நான்."

"நீங்களோ? நீங்கள் என்ன அனுப்பினீங்கள்?"

"ஒண்ணும் அனுப்பல. அந்த வெள்ளிக்கிழமை சீட்டு விஷயமா அன்ரிக்கு அஞ்சு தடவ போன் போட்டேன், எடுக்கல. எனக்கு இருந்தது அந்தக் காசு மட்டுந்தான். சனிக்கிழமை லைப்ரரிக்குன்னு உங்கிட்டப் பொய் சொல்லிட்டு, விடிஞ்சதும் அன்ரி வீட்டுக் கதவப் போட்டுத் தட்டு தட்டுன்னு தட்டுனேன். எதிர்வீட்டுலேந்து ஒரு தமிழம்மா எட்டிப் பாத்தாங்க. அவங்ககிட்ட, 'ஊர விட்டே போயிட்டாங்களா?'ன்னு கேட்டேன். கேள்வியாத்தான் கேட்டேன். வீட்டுக்கு வந்தா நீ அந்த வொய்ஸப் போடுற. அதே வார்த்த. ஊர விட்டே."

"அது நீங்கள் கேட்டதால வந்ததெண்டு எப்பிடிச் சொல்லலாம்? ஆதாரம் இல்லையே அக்கா."

"இல்லதான். அந்தம்மாவோட கொரலும் எனக்குத் தெரியாது. உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நான்தான்னு நெனைக்கிறேன். அந்தத் தாளத் தூக்கிக்கிட்டு வீடு வீடா ஏறுனேனே, எனக்கு ரொம்பத் தைரியம்னு நீ நெனச்சிருப்ப. பயம்மா. ஒவ்வொரு வீட்டுலயும் என்னக் கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு பயம். அந்தாளு உன்னக் காட்டிக் குடுத்தப்ப, நான்னு சொல்ல வாய் வரல. உன்ன நிக்க விட்டுட்டேன். ஊருக்குக் கெளம்புறதுக்கு மொத நாள்தான் அன்ரிகிட்டப் போயி சொன்னேன். உங்கிட்டச் சொல்ல அதுக்கப்புறமும் முடியல."

அந்த ரயில், ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த முகம், என் கையைப் பிடித்திருந்த கை எல்லாம் வந்து போயின. இத்தனை வருஷமும் நான் அவரைக் கொஞ்சம் அண்ணாந்தே பார்த்துவந்தேன். தப்பே செய்யாத ஒருவர் பக்கத்தில் இருப்பது போல ஒரு கூச்சம் எனக்கு எப்போதும் இருந்தது. இப்போது அது இல்லை. அஞ்சு தடவை ஃபோன் எடுத்துவிட்டு, விடியற்காலையில் தனியாகப் போய் ஒரு பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்கு அவரை அன்றைக்குத்தான் மிகவும் பிடித்தது.

"கோவமா?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா."

"நெசமாவா?"

"ஓம். நான்தான் சொல்லுறன்" என்றேன்.